மேல்காற்று அடிக்கும் வரை

நாற்பத்தொரு நாளும் வசுமதி கேட்டு வாங்கியது காலை பத்து மணியைத்தான்.

அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு விதி. கூட்டுக்குள் போகப்போகிற நோயாளியை வீட்டார் ஒரு நாளைக்கு ஆளுக்கு அரை மணி நேரம்தான் பார்க்கலாம். எந்த அரை மணி என்று அவரவரே எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குத்தான் அடிதடி. நோயாளி குளித்து, இட்லி சாப்பிட்டு, ஜன்னலோரம் சாய்ந்திருக்கும் நேரம் அது. பத்து மணியை யாரும் கேட்பதில்லை. பத்து மணி, ஊசி நேரம்.

"வேற நேரம் எழுதிக் குடுங்க மேடம்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "அந்த நேரத்துல அவரால பேசக்கூட முடியாது."

"வலிக்கறப்ப பக்கத்துல இல்லாம, வலி நின்னதுக்கப்புறம் போயி என்னத்தக் கொஞ்சறது?" என்று சொல்லி, வசுமதி கையெழுத்துப் போட்டாள்.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் போட்ட ஆயிரம் கையெழுத்துகளில், யோசிக்காமல் போட்டது அது ஒன்றுதான்.

அவள் கணவர் நாச்சிமுத்துவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் பம்ப் மோட்டார் பட்டறை. ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற கை. அந்தக் கையிலிருந்து ஒருநாள் ஸ்பேனர் நழுவியது. மறுநாள் காபி டம்ளர். நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகின்றன என்றார்கள். ஒன்றரை வருடத்தில் சக்கர நாற்காலி வந்தது. பிறகு, இன்னும் எட்டு மாதம்தான் என்று ஒரு கணக்கும் வந்தது. அப்போதுதான் வசுமதி 'கூடு' பற்றிப் பேச்செடுத்தாள்.

அவள் பேசாமல் வேறு யார் பேசுவது? அந்தச் சிகிச்சையின் வேர் ஆனைகட்டியில், அவளுடைய பூச்சி ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. அட்லஸ் அந்துப்பூச்சி என்பது புத்தகப் பெயர். விரித்தால் ஒரு சாண் தாண்டும் செம்மண் நிறச் சிறகுகள். சிறகின் நுனி பாம்புத் தலைபோல இருக்கும். பகலெல்லாம் இலையோடு இலையாகக் கிடந்து, இருட்டினால் மட்டும் பறக்கும். அதன் கூட்டுக்குள் நடப்பதைத்தான் பத்து வருடம் முயன்று மனித உடம்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

அவரை ஒரு மாலை அங்கே அழைத்துப் போய், நைலான் வலை கட்டிய கொய்யா மரத்தடியில் நாற்காலியை நிறுத்தினாள். அப்போதுதான் கூட்டைவிட்டு வந்த ஒரு பெண் பூச்சி, காய்ந்த இலையில் சுற்றிய தன் கூட்டின் மேலேயே சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா இதுகளோட குடும்பம் நடத்துனே. கடைசில என்னையும் இதுகளோட சேத்துட்டே" என்றார் நாச்சிமுத்து. நாக்கு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. "இதுக்கு வாய் எங்கிருக்குது அம்மிணி?"

"வாய் கெடையாதுங்க. புழுவா இருக்கயில தின்னதோட சரி. அந்தக் கொழுப்புக் கரையற வரைக்கும்தான் உசுரு. ஒரு வாரம், மிஞ்சிப்போனாப் பத்து நாளு."

"அப்பறம் எதுக்கு வெளிய வருதாம்?"

"சோடி சேரத்தான். பொட்டை இப்படியே உக்காந்த எடத்துல வாசனை விடும். ஆணுக்கு மீசை பாத்தீங்களா, எறகாட்டம்? ஒரு மைல், ரெண்டு மைல் தள்ளியிருந்தாலும் காத்துல அந்த வாசனையப் புடிச்சுட்டு வந்துரும்."

"பச்சத்தண்ணி குடிக்காம ரெண்டு மைலு." நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். "மானஸ்தன்தான்."

அவள் சிரித்தாள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கூட்டுக்குள் புழு கிட்டத்தட்டக் கூழாகிவிடும், அதிலிருந்துதான் புதிய உடம்பு எழும்பும். அவருக்கு நரம்பும் தசையும் மட்டும் அப்படிக் கரைந்து மறுபடி பிறக்கும். இருபத்தெட்டு நாள்.

"ஞாபகம்?"

வசுமதி வலையில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். பிறகு, "நானே செஞ்சு பாத்ததுங்க அது" என்றாள். "புழுவுக்கு நீலகிரித் தைல வாசனையக் காட்டி, கூடவே லேசா ஒரு ஷாக் குடுத்தோம். சின்னப் புழுவா இருக்கயில குடுத்தது, பூச்சியானப்பறம் நெனப்புல இல்ல. ஆனா கடைசித் தோலுரிச்சதுக்கப்பறம் குடுத்தது அப்படியே நின்னுச்சு. புது ஒடம்பு, புது றெக்கை. ஆனாலும் தைல வாசனை வந்த பக்கமே போகல."

"பாவம்" என்றார் அவர். "என்ன பண்ணுச்சு அது உன்னைய?"

"ஆராய்ச்சிங்க."

"சரி. அப்ப நானும் கடைசியாப் படிச்சது மட்டுந்தான் பாசு. நம்ம கல்யாணம்?"

"போயிரும்."

"தாரகை பொறந்தது?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வலைக்குள் பூச்சி ஒருமுறை சிறகைத் திறந்து மூடியது. நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "போனாப் போவுது. உன்னைய மறுக்காப் பாத்து மறுக்காக் கட்டிக்கறேன். ஒண்ணே ஒண்ணு, இந்தத் தடவையாச்சும் உங்கப்பன் மேடையில நின்னுட்டு அந்த ஸ்கூட்டர் கதையச் சொல்லக்கூடாது."

கூட்டுக்குப் போவதற்கு முந்தைய நாற்பத்தொரு நாளுக்கு மருத்துவமனையில் 'படியும் நாட்கள்' என்று பெயர். அந்த நாட்களில் மனதில் என்ன படிகிறதோ அது மட்டும்தான் மறுபக்கம் போகும். அதனால் குடும்பங்கள் ஆல்பங்களோடு வந்தன, பேரக்குழந்தைகளோடு வந்தன. அடுத்த அறையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மகன்கள் மூவரும் தினமும் பத்திரத்தை எடுத்துவந்து, எந்த வயல் யாருக்கு என்று வாசித்துக் காட்டினார்கள். அவர் கூட்டைவிட்டு வந்தபோது சர்வே எண்கள் அத்தனையையும் மனப்பாடமாகச் சொன்னார். மகன்களில் எவன் மூத்தவன் என்று மட்டும் தெரியவில்லை.

மகள் தாரகை மாலை நாலரை மணியை எடுத்துக்கொண்டாள். இருபத்துமூன்று வயதுப் பெண். தாயக்கட்டையோடு வருவாள். அவருக்குக் கை வராததால் அவருக்கும் சேர்த்து அவளே உருட்டுவாள். உருட்டி, எண்ணைக் கூட்டிச் சொல்லி அழும்பு செய்து, மாட்டிக்கொள்வாள். அவர் சிரித்து இருமுவார்.

வசுமதிக்குப் பத்து மணி.

முதுகுத்தண்டில் ஊசி. புதிய நரம்புக்கான விதையை உள்ளே விடுகிறார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தால் விதையும் மரத்துவிடும் என்பதால் எதுவும் கொடுப்பதில்லை. ஒருக்களித்துக் கிடப்பார். பச்சை அங்கியும் முகமூடியும் போட்ட யாரோ ஒருவர் பின்னாலிருந்து ஊசியை ஏற்றுவார். முன்னால் வசுமதி, முகத்துக்கு நேர் முகம் வைத்து, பலமில்லாத அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"இங்க பாருங்க. என்னையவே பாருங்க. முடிஞ்சுது, முடிஞ்சுது."

அவர் அவளையே பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒருமுறைகூடக் கண்ணை எடுக்காமல்.

தலையில் தினமும் மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு போனாள். கல்யாணமான புதிதில் பூ மார்க்கெட்டுக்குப் போனால் அவர் வாங்கி வருவது அதைத்தான். முகம் மங்கினாலும் வாசனை மங்காது என்று பூச்சிகளிடம் படித்தவள் அவள். கூட்டைவிட்டு வருகிறவர்களுக்கு மோப்பம் பலமடங்கு கூர்மையாகிவிடும் என்பதும் தெரியும். ஒருவேளை தன் பெயர் மறந்துபோனாலும் இந்த வாசனை வழியாகத் தன்னைக் கண்டுபிடித்து வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரிதான். கண்டுபிடித்துவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் கூட்டைத் திறந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தாரகையும் வசுமதியும் போனார்கள்.

மகள் முதலில் உள்ளே நுழைந்தாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் நாச்சிமுத்து. கன்னம் தேறியிருந்தது. ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தன் கையாலேயே உரித்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே. கதவுக்கு வெளியே நின்ற வசுமதிக்கு அந்தப் பழத்தோல் கீழே விழுவது தெரிந்தது.

"தாயக்கட்டை எங்க கண்ணு?" என்றார் மகளைப் பார்த்து. "அழும்புக்காரி. இனி நானே உருட்டிக்குவேன்."

வசுமதி கதவைத் தாண்டி ஓரடி வைத்தாள்.

அவர் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. மூக்கு மட்டும் விரிந்தது. கையிலிருந்த பழம் நழுவியது. முதுகு, யாரோ குத்தியதுபோல வளைந்தது. பிறகுதான் திரும்பினார். திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, கட்டிலின் மறுபக்கம் இறங்கி, சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டார். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அந்தம்மாவப் போகச் சொல்லுங்க" என்றார் கட்டிலருகே இருந்த நர்ஸிடம், தாழ்ந்த குரலில், மரியாதையாக. "ஊசி இனி இல்லைன்னு சொன்னீங்களே. தயவுசெஞ்சு போகச் சொல்லுங்க."

டாக்டர் நளாயினி தன் அறையில் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு உங்களத் தெரியுது மேடம். ரொம்ப நல்லாத் தெரியுது. நாப்பத்தொரு நாள், நாப்பத்தொரு ஊசி. ஒவ்வொண்ணுலயும் அவர் கண்ணு முன்னால இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஊசி போட்டது உங்க ஆளுங்கதானே?"

பதில் வந்தது பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜெசிந்தாவிடமிருந்து. "நாங்க ஒருத்தர் ஒரே ரூமுக்கு ரெண்டாந்தடவ போகமாட்டோங்க அக்கா. முகமூடி, ஒரே பச்சை அங்கி, வாசனையில்லாத சோப்பு. பின்னால நின்னுதான் போடுவோம். வெளிய வந்தப்பறம் எங்க யாரையும் அவங்க வெறுத்துரக் கூடாதுன்னு ஆரம்பத்துலருந்தே அப்படித்தான்."

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"பத்து மணிய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க அக்கா. ஊசி நேரம்னாலே எல்லாரும் பயந்துக்குவாங்க." ஜெசிந்தா குனிந்துகொண்டாள். "நீங்க கேட்டப்ப, இப்படி ஒரு பொண்டாட்டியான்னு நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் தடுத்திருக்கணும். என் தப்புதான். ஆனா அந்த முகமூடி விதியையே உங்க நீலகிரித் தைலக் கட்டுரையப் படிச்சுத்தான் மேடம் போட்டோம். அத எழுதினவங்களுக்கே நான் போய் எடுத்துச் சொல்லணும்னு எனக்குத் தோணல."

வசுமதி தன் கைகளைப் பார்த்தாள். "புழுவுக்குக் கையப் புடிச்சுக்க ஆளில்லீங்க டாக்டர்" என்றாள் மெதுவாக. "இவருக்கு நானிருக்கேன். பாதி வலிய நான் வாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"வாங்கிக்கிட்டீங்க" என்றார் டாக்டர்.

முயன்று பார்க்காமல் இல்லை. மரிக்கொழுந்தை விட்டாள். வாசனையில்லாத சோப்பில் மூன்று நாள் குளித்து, ஜெசிந்தாவின் பச்சை அங்கியையே உடுத்திக்கொண்டு போனாள். மரிக்கொழுந்துக்கு அடியில் அவளுடைய தோலின் வாசனையும் இருந்தது, அதுவும் படிந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் பேசினாள். "இங்க பாருங்க" என்ற இரண்டு வார்த்தையிலேயே அவருடைய பல் கிட்டித்துக்கொண்டது. கடைசியில் தாரகை ஒரு யோசனை சொன்னாள். அம்மாவின் புடவைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பிடித்த மைசூர்பாகை ஊட்டினால், கசப்பு இருந்த இடத்தில் இனிப்பு உட்காராதா? ஊட்டினாள். அவர் மகளுக்காக மென்று விழுங்கினார். விழுங்கிய கையோடு வாந்தியெடுத்தார்.

மறுநாள் காலை அவருடைய வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது.

"ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் புது நரம்பு கொஞ்சம் கருகுது" என்றார் டாக்டர். "இன்னும் நாலு தடவை, அஞ்சு தடவை. அதோட பழைய நிலைமைக்கே போயிருவாரு. இன்னொரு தடவை கூட்டுக்குப் போக ஒடம்பு தாங்காது."

"காலம் போகப் போக மறக்காதுங்களா?"

"உங்க பூச்சிங்களுக்கு மறந்துதா மேடம்?"

"அதுகளத் திருப்பிப் பழக்கிப் பாக்கவே இல்லைங்க" என்றாள் வசுமதி. "எதக் குடுத்துப் பழக்கறது? தேனக் குடுத்தாலும் குடிக்க வாயில்ல. பத்து நாள்ல செத்துப் போச்சு. பயந்துட்டேதான் செத்துது."

அன்று மாலையே அவள் வடவள்ளியில் இருந்த தங்கள் வீட்டுக்குப் போய்த் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டாள். தலையணை உறைகளை, திரைச்சீலைகளைக் கழற்றினாள். கல்யாணப் படத்தை இறக்கித் துணியில் சுற்றினாள். தாரகை வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"நீ எங்கம்மா போவே?"

"ஆனைகட்டில குவார்ட்டர்ஸ் காலியாத்தான் கெடக்குது. அப்பனுக்கு ராத்திரி வெறும் ரசஞ்சோறு போதும். கட்டைவிரலுக்குத் தெனமும் ரப்பர் பந்து அமுக்கச் சொல்லோணும். செவுத்தயெல்லாம் கழுவி வெள்ளையடிச்சிரு, என்ன?"

"அம்மா யாருன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

வசுமதி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "கேக்கமாட்டாரு" என்றாள். "கேட்டா, நல்லவதான்னு சொல்லு."

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்டதுபோல மேல்காற்று அடிக்க ஆரம்பித்தது. கோயமுத்தூருக்கே உரிய காற்று. திசை மாறாமல் மேற்கிலிருந்து கிழக்காக, இரண்டு மூன்று மாதம், தென்னை ஓலைகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிடும். அந்தக் காற்றை நம்பி வசுமதி ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பஸ் ஏறினாள். வீட்டுக்குக் கிழக்கே, அதே தெருவில், மூடிக்கிடந்த ஒரு தையல் கடைப் பக்கம் நிற்பாள். காற்று அவரிடமிருந்து இவளிடம் வரும். இவளிடமிருந்து அவரிடம் போகாது.

நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக் கிரைண்டர்களைப் பழுது பார்த்தார். தொழில் மறந்துபோயிருந்தது. ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுபடி கற்றுக்கொண்டார். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்தார். சில சமயம் காற்றில் கிரீஸ் வாசனை வரும், சில சமயம் அவருடைய வியர்வை. அவளுக்கு மோப்பம் கூர்மையில்லை. இருந்தாலும் வந்தது. அரை மணி நேரம். அதற்குமேல் அவள் நிற்பதில்லை. மருத்துவமனை கொடுத்த அளவு அது.

ஆவணியில் காற்று தளர்ந்தது. புரட்டாசியில் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல் சுற்றியது. பஸ் ஏறுமுன் அவள் ஆய்வுக்கூடத்துக் கருவியில் திசை பார்த்துக்கொண்டு கிளம்பினாள். அந்த மாதத்து ஒரு ஞாயிறன்று மேற்கு என்றுதான் காட்டியது.

அவர் ஒரு மிக்சியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். வானம் கிழக்கே கறுத்தது. மழைக்கு முந்திய ஒரு குளிர்ந்த காற்று வசுமதியின் பின்கழுத்தைத் தொட்டு, புடவைத் தலைப்பை முன்னால் தள்ளி, அவளைத் தாண்டித் தெருவுக்குள் போனது. அது போவதை அவளால் பார்க்க முடிந்தது: முதலில் வேப்பமரம், அப்புறம் கொடியில் கிடந்த துணி, அப்புறம் அவருடைய முடி.

நாச்சிமுத்து தலையைத் தூக்கினார்.

சுற்றும்முற்றும் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். தெருப் பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

தையல் கடை ஓரத்திலேயே அவள் ஒட்டிக்கொண்டாள். கையிலிருந்த போன் அடித்தது. தாரகை.

"அம்மா, அப்பாவுக்குத் திடீர்னு முதுகு வலிக்குதாம். சுருண்டு படுத்துட்டாரு."

"டாக்டருக்குப் போன் பண்ணு. நான்..."

"இரும்மா. என்னமோ சொல்றாரு." அவருடைய முனகல் மட்டும் கேட்டது. பிறகு தாரகையின் குரல் உடைந்து வந்தது. "கையப் புடிச்சுக்கச் சொல்றாரும்மா. நான் புடிச்சேன். இந்தக் கை இல்லீங்கறாரு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவாங்களே, அந்தக் கைங்கறாரு. யாரப்பான்னு கேட்டாத் தெரியலங்கறாரு. வலிக்கறப்ப வருவாங்கன்னு மட்டும் சொல்றாரு."

நூற்றைம்பது அடி தூரம். ஓடினால் கால் நிமிடம்.

வசுமதி திரும்பிக் கிழக்கே நடக்க ஆரம்பித்தாள். மழையின் முதல் சொட்டுகள் முகத்தில் அறைந்தன. மளிகைக் கடை, பால் பூத், பிள்ளையார் கோவில். போன் காதிலேயே இருந்தது.

"இப்ப எப்படி இருக்குது?"

"அப்படியேதாம்மா."

தெருமுனை வந்தது. மெயின் ரோட்டைத் தாண்டினாள். ஒரு லாரிக்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். பஸ் ஸ்டாப்பையும் தாண்டினாள்.

"இப்ப?"

"கொஞ்சம் பரவால்லையாம். கண்ணத் தொறந்துட்டாரு."

"விரலு?"

"மடக்கறாரும்மா. மடக்கறாரு." தாரகை மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கை வந்துச்சான்னு கேக்கறாரும்மா. என்ன சொல்ல?"

மழை வலுத்தது. மழையில் வாசனை தங்காது, இனி நிற்கலாம் என்று அவளுக்குள்ளிருந்த ஆராய்ச்சிக்காரி சொன்னாள்.

"வந்துட்டுப் போச்சுன்னு சொல்லு" என்றாள் வசுமதி. சொல்லிவிட்டு, நிற்காமல், இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள்.